சூட்டி ஏறிய வண்டி

"பன்னி வண்டியில ஏறாது. நாயும் ஏறாது. இப்பவே சொல்லிட்டேன். பொறகு யாரும் மூஞ்சத் தூக்கக் கூடாது," என்றான் ஸப்வான்.

"பன்னியும் அதத்தான் சொல்லுது மச்சான். உன்னோட த்ரீவீல்ல வாறதுக்கு நடந்தே போயிடுதாம்," என்றான் ஸ்ரீதரன்.

சுமித்ரா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். அவள் தம்பி கிருஷ்ணராஜ், வலையைத் தோளில் போட்டபடி, "அவன விடுடா. நாளைக்கு அவனுக்குப் பெரிய நாள்," என்றான்.

பெரிய நாள்தான். ஸப்வானின் வாப்பா கபூருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. சில மாதங்களுக்கு அவர் வண்டி ஓட்டக் கூடாது. ஞாயிறு காலையில் மார்க்கம் படிக்க அஹதியாப் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேலை நாளையிலிருந்து ஸப்வானுக்கு வருகிறது. வெள்ளை உடுப்போடும், பையில் குர்ஆனோடும் ஏறுகிற பிள்ளைகள். இருபது வயது இளைஞனிடம் அவர்களை ஒப்படைக்கலாமா என்று தாய்மார் இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாலையில் சாவியைக் கொடுக்கும்போது வாப்பா எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. "நாளைக்குப் பிள்ளைகள் ஏறுற வண்டி மகன்," என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் சாவியோடு சேர்ந்து ஸப்வானின் சட்டைப் பையில் கிடந்து கனத்தது.

ஆனாலும் வராமல் இருக்க முடியவில்லை. தெஹியோவிட்டவுக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே, ராத்திரியில் காட்டுப்பன்றி வேட்டை. பள்ளிக்கூட நாளிலிருந்து கிருஷ்ணராஜும் ஸ்ரீதரனும் அந்தக் கதைகளைச் சொல்லி அவன் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார்கள். பன்றி இறைச்சி அவனுக்கு வேண்டாம். அந்த இருட்டு வேண்டும், அந்த ஓட்டம் வேண்டும். இந்த முறை அவர்களுக்கும் அவன் வேண்டியிருந்தான். அவனிடம் வெளிச்சம் இருந்தது.

பன்றிகள் சுமித்ராவின் மரவள்ளித் தோட்டத்தைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சரிவைக் கொத்தி, அவள் தனியாக வளர்த்த தோட்டம் அது. கிழங்கு திரண்டு வரும் நேரத்தில் பன்றிகள் வந்தன. ஒரு ராத்திரிக்கு ஒரு வரிசை என்று ஒழுங்காகத் தோண்டின. பாதி தின்று பாதியை மிதித்துப் போட்டன. "திங்கிறது கூடப் பரவாயில்ல. எனக்குப் பாடம் நடத்துற மாதிரி வரிசையா வருதுங்க பாரு, அதத்தான் தாங்க முடியல," என்று சொல்லி, வேட்டைக்கு நானும் வருவேன் என்று நின்றவளும் அவள்தான்.

திட்டம் கிருஷ்ணராஜுடையது. மரவள்ளிச் சரிவுக்குக் கீழே தோட்டத்து ரோட்டு. ரோட்டைத் தாண்டினால் ஓடையும் காடும். பன்றிகள் காட்டிலிருந்து ஏறி, ரோட்டைக் கடந்து வந்து தின்றுவிட்டு, அதே வழியாகத் திரும்பும். சுமித்ரா மேலேயிருந்து தகரத்தைத் தட்டுவாள். கிருஷ்ணராஜ் நாயை அவிழ்த்து விடுவான். பன்றிகள் ரோட்டை நோக்கி இறங்கும்போது ஸப்வான் வண்டியின் விளக்கைப் போட வேண்டும். ரோட்டின் மேல் வெளிச்சம் விழுந்தால் பன்றி கடக்காது. பக்கத்தில் ஓடும் ஆழமான மழைநீர்க் கானுக்குள் இறங்கிவிடும். கான் போய் முடிகிற மதகடியில் வலையும் ஈட்டியுமாக ஸ்ரீதரன் காத்திருப்பான்.

"வெளிச்சந்தான் வேலி," என்றான் கிருஷ்ணராஜ். "லைட்டப் போட்டுட்டு அசையாம உள்ளுக்கே இரு. என்ன சத்தம் கேட்டாலும் எறங்காத. சரியா?"

"சரிடா."

"ரெண்டு தடவ சொல்லு."

"சரி, சரி."

கிருஷ்ணராஜின் காலருகே நின்ற நாய் சூட்டி ஸப்வானை அண்ணாந்து பார்த்தது. சூட்டி என்றால் சிங்களத்தில் சின்னது. குட்டியாக ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் உட்காரும் அளவில் இருந்தபோது வைத்த பெயர். இப்போது அது எழுந்து நின்றால் முன்னங்கால்கள் சுமித்ராவின் தோளுக்கு வரும். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. ஸப்வானிடம் அது எப்போதும் ஓர் எட்டு தள்ளியே நிற்கும். எச்சில் பட்டால் அவன் ஏழு தடவை கழுவ வேண்டும் என்பது அதற்கும் தெரிந்தது போல.

வேட்டையில் யார் வந்தாலும் ஆளுக்கொரு பங்கு. நாய்க்கும் ஒரு பங்கு, ஆளுக்குச் சமமாக. "அப்ப நாலு ஆளு, ஒரு நாய், அஞ்சு பங்கு," என்றான் ஸ்ரீதரன். "பாய் தம்பியோட பங்க நானே கஷ்டப்பட்டுத் திங்கிறேன்."

"என் பங்கு யாருக்குன்னு நான் சொல்லுவேன்," என்றான் ஸப்வான்.

அவர்கள் இருட்டுக்குள் கலைந்தார்கள்.

*

வண்டிக்குள் தனியாக இருந்தபோது இருட்டுக்கு இவ்வளவு சத்தங்கள் உண்டு என்று ஸப்வான் கண்டுபிடித்தான். காய்ந்த ரப்பர் விதை ஒன்று எங்கோ வெடித்துச் சிதறியது. ஓடை தனக்குத்தானே பேசியது. மாலை மழையின் மிச்சம் இலைக்கு இலை இறங்கி வந்தது. கணுக்காலில் ஓர் அட்டை ஏறியது தெரிந்தும் அவன் குனியவில்லை. மரங்களில் கட்டிய சிரட்டைகளில் ஒட்டிக் காய்ந்த பாலின் புளித்த வாசம் காற்றோடு வந்தது. வரிசை வரிசையாக நின்ற மரங்கள் ஏதோ பெரிய மண்டபத்தின் தூண்கள் போலவும், இன்னும் சற்று நேரத்தில் யாரோ ஓர் அரசன் அந்தத் தூண்களின் நடுவே நடந்து வரப்போவது போலவும் அவனுக்குத் தோன்றியது.

விளக்கின் சுவிட்சில் வைத்த விரல் வியர்த்திருந்தது.

மேலே தகரம் அதிர்ந்தது.

சுமித்ரா தட்டவில்லை, அறைந்தாள். இத்தனை நாள் கோபமும் அந்தத் தகரத்தில் இறங்கியது. அதன் மேல் சூட்டியின் குரைப்பு எழுந்தது. அடுத்த கணம் சரிவு முழுவதும் உடைந்து உருண்டு வருவது போல ஒரு சத்தம். செத்தைகள் நொறுங்கின. உறுமல்கள். கிருஷ்ணராஜ் விசிலடித்தான்.

ஸப்வான் சுவிட்சைத் தட்டினான்.

ரோட்டு வெள்ளையாக விரிந்தது. அதன் விளிம்பில், எட்டித் தொட்டுவிடலாம் போன்ற தூரத்தில், அவை நின்றன. ஐந்தோ ஆறோ. ஈரம் சொட்டும் கறுப்பு முதுகுகள், நிமிர்ந்த பிடரி மயிர், வெளிச்சத்தில் சிவந்த கண்கள். முன்னால் நின்றது ஒரு கிடாப் பன்றி. கழுத்தே இல்லாத, தோளிலிருந்தே தலை தொடங்குகிற மிருகம். அது வெளிச்சத்தைப் பார்த்தது. ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு மற்றவை கானுக்குள் திரும்பின. மதகுப் பக்கத்திலிருந்து ஸ்ரீதரனின் குரல் வெடித்தது. "விழுந்திருச்சு! மச்சான், வலையில விழுந்திருச்சு!"

ஸப்வானின் நெஞ்சு துள்ளியது. நடந்துவிட்டது. அவன் வேலி பிடித்துவிட்டது. வலையில் எப்படித் துள்ளும், ஈட்டி எப்படி இறங்கும் என்று ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்று நினைத்தான். நினைத்தது கூட இல்லை. கால்கள் இறங்கிவிட்டன. அவன் வண்டிக்கு முன்னால் வந்து மதகுப் பக்கம் கழுத்தை நீட்டினான்.

அவன் நிழல் ரோட்டில் நீண்டு விழுந்தது. வெள்ளை ரோட்டின் நடுவில் ஒரு கறுப்பு வழி திறந்தது.

கிடா இன்னும் போகவில்லை. கானுக்குள் இறங்காமல் விளிம்பிலேயே நின்றிருந்தது. வேலியில் ஓட்டை விழுந்ததை அது அவனுக்கு முன்பே கண்டது. அந்த நிழலுக்குள் பாய்ந்து நேராக வந்தது. ஸப்வானுக்குக் கத்தவும் தோன்றவில்லை. அவன் பக்கவாட்டில் விழுந்தான். ஒரு காற்று அவன் முழங்காலைத் தடவிப் போனது. அந்தக் காற்றைத் துரத்திக்கொண்டு இன்னொன்று வந்தது. சூட்டி.

காட்டோரத்தில் கிடா திரும்பியது. ஒரே ஒரு தடவை தலையை ஆட்டியது. பிறகு இருட்டுக்குள் போய்விட்டது. சூட்டி அதன் பின்னால் போகவில்லை.

*

கிருஷ்ணராஜ் ஓடி வந்தபோது நாய் ரோட்டோரத்தில் படுத்திருந்தது. விலாவிலிருந்து தொடை வரை திறந்திருந்தது. குரைக்கவில்லை, முனகவும் இல்லை. வெள்ளைக் காது மட்டும் துடித்தது. சுமித்ரா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, வயிற்றைச் சுற்றிக் கட்டினாள். துணி உடனே நிறம் மாறியது.

"நான் எறங்கிட்டேன்," என்றான் ஸப்வான். "நான்தான் எறங்கினேன். லைட்டு மறைஞ்சிச்சு."

கிருஷ்ணராஜ் நாயின் தலையைத் தூக்கித் தன் தொடையில் வைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவிசாவளையில மிருக டொக்டர் நோனா ஒருத்தவங்க இருக்காங்க. வீட்டுக்குக் கீழதான் கிளினிக்கு," என்றாள் சுமித்ரா. பிறகு தம்பியைப் பார்த்தாள். "தூக்கு. கீழ மெயின் ரோட்டு வரைக்கும் தூக்கிட்டுப் போவோம். ஏதாவது லொறி வரும்."

"இந்த நேரத்துல எந்த லொறி அக்கா வரும்?"

"வரும். தூக்குடா."

வண்டி பக்கத்திலேயே நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்காவும் தம்பியும் அதன் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் கேட்டது போல ஆகிவிடும் என்று பயந்து பார்க்காமல் இருக்கிறார்கள் என்று ஸப்வானுக்குப் புரிந்தது. அவன் சொன்ன சொல்லை அவனுக்காக அவர்கள் காத்தார்கள். நாய் செத்தாலும் காப்பார்கள்.

சாவி வண்டியில் மாட்டியிருந்தது; வாப்பாவின் சொல் மட்டும் சட்டைப் பையில் கனத்தது. நாளைக்குப் பிள்ளைகள் ஏறுற வண்டி மகன்.

"பின்னுக்கு வைங்க," என்றான்.

கிருஷ்ணராஜ் நிமிர்ந்தான். "ஸப்வான், வேணாம்டா. நாளைக்கு நீ..."

"கதைக்காம வைடா. உசிரு போயிரும்."

சுமித்ரா முதலில் ஏறி மடியை விரித்தாள். சூட்டியைத் தூக்கும்போது அதன் தலை சாய்ந்து, நாக்கு ஸப்வானின் முழங்கையை நனைத்தது. அவன் கையை இழுக்கவில்லை.

மதகடியிலிருந்து ஸ்ரீதரன் கத்தினான். "எங்கடா எல்லாரும்? நான் தனியா ஒரு பன்னியக் கட்டிப் புடிச்சிட்டு இருக்கேன்!"

"கெட்டியாப் புடிச்சுக்கோ!" என்று கத்திவிட்டுக் கிருஷ்ணராஜ் பாய்ந்து ஏறினான்.

அப்படி ஒரு ஓட்டத்தை அந்த ரோட்டு பார்த்ததில்லை. குழிகளைத் தெரிந்து ஓட்டுபவன் அன்றைக்குக் குழிகளின் விளிம்பில் ஓட்டினான். வளைவுகளில் வண்டி ஒரு சக்கரத்தைத் தூக்கி யோசித்துவிட்டு இறக்கியது. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பின்னால் விழுந்தன. "மூச்சு வருதா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "வருது, நீ ரோட்டப் பாரு," என்று சுமித்ரா சொல்லிக்கொண்டே இருந்தாள். பயமும் சந்தோஷமும் ஒன்றாகக் கலந்திருந்தன. இதற்காகவா வந்தோம் என்று நினைத்தான். இதற்காகத்தான் என்றும் தோன்றியது.

டொக்டர் நோனா கலைந்த தலைமுடியோடு கதவைத் திறந்தார். நாயைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. "வல் ஊரெக்த?" என்று கேட்டார், காட்டுப்பன்றியா என்று. ஸப்வான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னான். தன் நிழலையும் சேர்த்துச் சொன்னான். அவர் கையுறையை மாட்டிக்கொண்டே, குடல் கிழியவில்லை, அதிர்ஷ்டமுள்ள நாய் என்றார். ஆனால் இரத்தம் நிறையப் போயிருக்கிறது, விடியட்டும், அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும். கிருஷ்ணராஜ் சூட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஸப்வான் வெளியே வந்து தெருவிளக்கின் கீழே வண்டியைப் பார்த்தான். சீட்டில் இரத்தம். கால் வைக்கும் ரப்பர் விரிப்பில் இரத்தம், எச்சில், உதிர்ந்த மயிர். அவன் போனை எடுத்தான். மூன்று பொய்கள் தயாராக வந்தன. மூன்றும் நல்ல பொய்கள்.

"வாப்பா," என்றான். "வண்டியில நாய் ஏத்தினேன்."

அவன் முழுவதையும் சொல்லி முடித்தான்.

"எங்க கழுவப் போற?" என்று மட்டும் கபூர் கேட்டார்.

"தோட்டத்துப் பீலியில வாப்பா."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

*

விடியும் நேரத்தில் வண்டி மேல் லயத்துப் பீலிக்கு அருகே, எல்லாக் கதவுச் சீலைகளும் கழற்றப்பட்டு, குளிக்க வந்த குழந்தை போல நின்றது. மலையிலிருந்து வரும் தண்ணீர் அந்தப் பீலிக் குழாயில் விறைக்கும் குளிரில் கொட்டியது. முதல் கழுவலுக்கு மண் வேண்டும் என்று ஸப்வான் சொன்னதும் சுமித்ரா ஓடிப்போய் ஒரு வாளி நிறையக் கொண்டு வந்தாள். நல்ல கறுத்த மண், பொலபொலவென்று.

"எங்கயிருந்து அக்கா?"

"நம்ம மரவள்ளித் தோட்டந்தான். கொத்தவே வேணாம், பன்னியே கெளறிப் போட்டு..." என்றவள் பாதியில் நின்றாள்.

இருவரும் வாளியைப் பார்த்தார்கள்.

"அக்கா. அது பன்னி மூக்கு நனைச்ச மண்ணு."

"ஐயோ," என்று வாளியைத் தூரக் கொட்டினாள். அவ்வளவு களைப்பிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வேற மண்ணு? இந்தப் பக்கம் அதுங்க மூக்கு வைக்காத எடமே இல்லையே."

அந்த நேரம் பார்த்து ஸ்ரீதரனும் லயத்து ஆட்கள் இரண்டு பேரும் ஒரு கழியில் பன்றியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்ரீதரனின் சாரம் கிழிந்து முழங்காலுக்கு மேலே போயிருந்தது. முகத்தில் மட்டும் ராஜ களை. "பாத்தியா? தனி ஆளா புடிச்சேன். அந்தப் பீலியக் கொஞ்சம் விடு, இத சுத்தம் பண்ணணும்."

ஸப்வானும் சுமித்ராவும் ஒன்றாகக் கையை நீட்டினார்கள். "கீழ போ. கீழ பீலிக்குப் போ."

"என்னடா இது, வேட்டையில ஜெயிச்சவனுக்குத் தண்ணி இல்லையா?" என்று முனகிக்கொண்டே அவன் கீழே இறங்கினான்.

ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் கபூர். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, தலையில் தொப்பி, மடியில் ஒரு சொப்பிங் பேக். இறங்கியவர் மகனைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். சீட்டைத் தடவினார். குனிந்து விரிப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு பையை ஸப்வானிடம் நீட்டினார்.

உள்ளே மண் இருந்தது. வீட்டு வாசலில், உம்மாவின் ரோஜாச் செடியடியில் எடுத்த சிவப்பு மண். ஒரு வேர் கூட ஒட்டியிருந்தது.

"தோட்டத்துல எல்லா எடமும் பன்னி தோண்டின மண்ணுதானே," என்றார் கபூர். "அதான் எடுத்துட்டு வந்த. விரிப்புக்கு அடிலயும் போடு. பிள்ளைகள் கால வைக்கிற எடம்."

"வாப்பா, நான்..."

"நாய் உசிரோட ஈக்குதா?"

"இன்னும் தெரியா."

கபூர் தலையாட்டினார். சேர்ட்டின் கையை மடித்துக்கொண்டு தண்ணீர் வாளியை எடுத்தார். மகன் மண்ணைக் கரைத்துத் தேய்க்க, வாப்பா ஊற்றினார். ஸப்வான் தன் முழங்கையையும் தேய்த்துக் கழுவினான். பிறகு தண்ணீர், பிறகும் தண்ணீர். சுமித்ரா பக்கத்தில் நின்று விரல் மடக்கி எண்ணினாள். நடுவில் ஒரு தடவை தவறவிட்டு, "அஞ்சா ஆறா?" என்று கேட்க, கபூர், "தெரியாட்டி அஞ்சுதான், ஊத்துங்க மகள்," என்றார்.

கடைசி வாளி ஓடி முடிந்தபோது சுமித்ராவின் போன் அடித்தது. கிருஷ்ணராஜ். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மெதுவாக விரிந்தது.

"எந்திரிச்சு தண்ணி குடிச்சிச்சாம். டொக்டர் நோனாவப் பாத்து உறுமுதாம்."

ஸப்வான் ஈர வண்டியின் மேல் சாய்ந்துகொண்டான். "அக்கா, என் பங்கு சூட்டிக்கு. ஸ்ரீதரன் கிட்ட சொல்லிருங்க."

"அவன் அழுவான்."

"அழட்டும்."

கபூர் வண்டியில் இருந்த சாவியை எடுத்து மகனின் கையில் வைத்தார். "நேரமாகுது. வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு எடு. பிள்ளைகள் ரோட்டுல நிக்கும்."

*

கடைத்தெரு முனையில் பிள்ளைகள் வெள்ளை வெளேரென்று நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தாய்மார் நின்றார்கள், கண்களைச் சுருக்கியபடி. சீட்டின் மேல் உம்மா கொடுத்த சலவைத் துணியை ஸப்வான் விரித்திருந்தான். பிள்ளைகள் ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்கு அவன் நானா, அண்ணன். இன்ஷிரா என்ற சின்னப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"நானா, ஏன் வண்டி ஈரம்? மழையா?"

"இல்ல. வண்டி குளிச்சிச்சு."

"ஏன் குளிச்சிச்சு?"

தாய்மார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடை வாசலில் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து வாப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். ஸப்வான் வண்டியின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தான்.

"ராத்திரி ஒரு நோயாளிய அவிசாவளைக்குக் கொண்டு போனேன். சூட்டின்னு பேரு. பொறகு ஏழு தடவ கழுவினோம், ஒரு தடவ மண்ணோட. வாப்பாதான் தண்ணி ஊத்தினாங்க."

தாய்மார் திரும்பிக் கபூரைப் பார்த்தார்கள். அவர் மெல்லத் தலையசைத்தார். ஒருத்தி முன்னால் வந்து தன் மகனின் பையை உள்ளே தள்ளிவிட்டு, "பாத்துப் போங்க தம்பி," என்றாள்.

வண்டி நகர்ந்தது. முதல் வளைவு தாண்டும் முன்பே இன்ஷிரா அவன் தோளுக்குப் பின்னால் தலையை நீட்டினாள்.

"சூட்டிக்கு என்ன நடந்த நானா? மொதல்ல இருந்து சொல்லுங்க."

வலது பக்கம் ரப்பர் மலை, வெயிலில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. ஸப்வான் கியரை மாற்றினான்.

"மொதல்ல," என்றான், "ஒரே இருட்டு."